குட்டை மட்டைகள்

அமலதாஸ் ஓய்வு பெற்றதும், அவருக்குக் கோல்ஃப் மட்டைகள் வாங்கித்தர மனைவி ரோஸ்லின் ஆசைப்பட்டாள். ஊட்டியில் ஆளுக்கேற்ற மட்டை செய்துதரும் கடை ஒன்று இருந்தது. அங்கிருந்த இயந்திரம் அவரை நடக்கச் சொல்லி, குனியச் சொல்லி, பந்தை அடிக்கச் சொல்லிப் பார்த்தது. இன்றைய உடம்புக்கு மட்டுமல்ல, இனி வரப்போகும் உடம்புக்கும் சேர்த்தே அது அளவெடுக்கும்.

மறுவாரம் மட்டைகள் அடங்கிய பை தயாராக இருந்தது. கடையில் வேலை செய்யும் ஹமீதா மட்டைகளை மேசையில் பரப்பினாள். பாதிதான் அவர் உயரத்துக்குச் சரியாக இருந்தன. மீதி எல்லாம் குட்டை.

"ஏம்மா, இதெல்லாம் சின்னப் பசங்களோடதா? மாத்தி வச்சிட்டீங்களா?" என்றார் அமலதாஸ்.

"இல்ல சார், எல்லாமே உங்களோடதுதான்." ஹமீதா தலை நிமிராமல் ஒரு பிடியைத் துடைத்தாள். "அது உட்கார்ந்து அடிக்கிறதுக்கு சார். வீல்சேர்ல."

"எப்பலேருந்தும்மா?" என்று ரோஸ்லின் கேட்டாள்.

"அதை மெஷின் சொல்லாதும்மா. மட்டைய மட்டுந்தான் செய்யும்."

அமலதாஸுக்குப் பயமோ அழுகையோ வரவில்லை. உள்ளே எதுவுமே அசையவில்லை. ஹமீதாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

வழியில் ஒரு டீக்கடையில் காரை நிறுத்தினார்கள். மழையில் ஆளில்லை. ரோஸ்லின் முட்டிவலியோடு மெதுவாகப் போய் உட்கார்ந்தாள். கடைக்காரர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க சார்."

"பரவால்லப்பா, நிக்கிறேன்."

ரோஸ்லின் டம்ளரோடு எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.