கால் முளைக்க வைத்த பலகை

பிள்ளைகள் பசியோடு வருமே என்று செவந்தித் தவளை பாசியை அலசிக்கொண்டிருந்தது. அதன் தலைப்பிரட்டைகளெல்லாம் எதிர்க்கரையில் படிக்கின்றன. அங்கே மீன்கொத்தி சார் ஒரு கண்ணாடிப் பலகையை நட்டு, "தினமும் இதைப் பார்த்தால் கால் முளைக்கும், சோதித்துக் காட்டுகிறேன்" என்று சொல்லியிருந்தார். தாய்மாரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்றைக்கு முடிவு சொல்லும் நாள். சார் கிளையில் உட்கார்ந்து நீலச் சிறகை நீவிவிட்டுக்கொண்டார்.

"வந்தப்போ ஒருத்தருக்கும் கால் இல்லை. இப்போ பாருங்க, எல்லாருக்கும் கால்! பலகை நூத்துக்கு நூறு!"

குளமே கைதட்டியது. அலசிய பாசியோடு எதிர்க்கரைக்கு வந்திருந்த செவந்திக்குச் சபையில் பேசக் கூச்சம். இருந்தாலும் பெற்ற வயிறு கேட்கவில்லை.

"சார், பலகை பார்க்காத பக்கத்துக் குட்டைப் பிள்ளைங்களுக்கும் கால் முளைச்சிருக்கே?"

"அவங்க என் சோதனையில இல்லம்மா. அவங்களை நான் ஏன் பார்க்கணும்?"

"சரிங்க சார். என் கடைக்குட்டிக்கு இன்னும் கால் வரலை. காலையில உங்ககிட்டத்தான் அனுப்பினேன். அவன் எங்கே?"

"கால் வராதவங்களைக் கணக்குல சேர்க்கிறதில்லைம்மா" என்று சொல்லிச் சார் அலகைக் கிளையில் துடைத்தார். அலகோரத்தில், காலையில் செவந்தி பாசி துடைத்துவிட்ட வால் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் மேட்டுக் குட்டையிலிருந்து தங்கச்சி கூப்பிட்டது. "அக்கா, ஓடி வா! நாளையிலிருந்து சார் எங்க குட்டைக்கு வர்றாராம். பிள்ளைங்களை வரிசையில நிறுத்தணும்!"

செவந்தி பாசியைப் போட்டுவிட்டுத் தாவியது.

"நிறுத்தாதேடி, அந்த ஆளு வாயில என் கடைக்குட்டியோட வால் தொங்குதுடி!"