நாலாவது நாள்

"ஏம்மா, 'பல்லிக்குச் செல்வோம்'னு பிள்ளைங்க படிக்கணுமா?"

தலைமைத் திருத்துநர் அச்சுப்படியை அவள் மேசையில் வீசினார். அந்தப் பாடநூல் அச்சகத்தில் அவருக்கு 'மிலிட்டரி' என்று பட்டப்பெயர்.

"ஸாரி மேடம். 'பள்ளி'... கவனிக்கலை."

"கவனம் பூரா போன்லயே இருக்கு. கொடு இங்கே."

"மேடம், குழந்தை..."

"நாலு மணிக்கு இந்தப் பாடம் அச்சுக்குப் போகணும். கொடு."

கொடுத்தாள்.

பிரசவ லீவு முடிந்து வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. புட்டிப்பாலுக்கு மாறியதும் பையனுக்கு வயிறு கட்டிக்கொண்டது. முக்கி முக்கி அழுகிறானே தவிர, நாலு நாளாக ஒன்றும் போகவில்லை.

டாக்டர் பால் பவுடரை மாற்றச் சொன்னார். ப்ரீபயாட்டிக் சேர்த்ததாம்.

"குடல்ல இருக்கிற நல்ல கிருமிங்களுக்கு அதுதான் சாப்பாடு. மெல்ல இளகிக் கொடுக்கும். இன்னிக்கும் போகலைன்னா சாயங்காலம் தூக்கிட்டு வாங்க" என்றிருந்தார்.

வீட்டில் கணவன் லீவு போட்டுவிட்டுக் காவல் இருக்கிறான்.

போயிருக்குமா?

ஒரு வரி படித்தாள். மறுபடி அதே வரியைப் படித்தாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மிலிட்டரி போனில் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். வைத்தார். அரைமணி கழித்து மறுபடியும் பேச்சு. இந்தத் தடவை சிரிப்பு வேறு.

"பார்த்தீங்களா சார்? சட்டமெல்லாம் நமக்குத்தான்" என்றாள் பக்கத்து மேசைக்காரரிடம்.

"தனிக்கட்டை. பிள்ளையோட அருமை அவங்களுக்கு எங்கே தெரியப்போகுது?" என்றார் அவர் குரலைத் தாழ்த்தி.

பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினாள். மூன்றரை மணிக்கு இன்னும் இரண்டு பக்கம் பாக்கி.

கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது. மிலிட்டரி ஓட்டமும் நடையுமாக வந்தார். அவள் பதறி எழுந்தாள்.

"அந்த ரெண்டு பக்கத்தை இப்படிக் கொடுத்துட்டு நீ வீட்டுக்குக் கிளம்பு."

"மேடம், தப்பு ஏதாவது..."

மிலிட்டரி அவளுடைய போனை அவள் கையிலேயே திணித்தார். முகமெல்லாம் பல்.

"பையன் காலைப் பிடிச்சு சைக்கிள் ஓட்டுற மாதிரி மெதுவா ஆட்டுங்கன்னு, உன் போன்ல கூப்பிட்ட உன் வீட்டுக்காரருக்கு மூணு தடவை பாடம் எடுத்தேன். இப்பதான் போச்சாம், விரிப்பெல்லாம் நாசமாம்!"