அழிக்கிற பட்டன்

“அழியவே அழியாதா? அப்ப வேணாம் தம்பி!”

ஹட்டன் பஜாரில் ஏறி இறங்கிய கடையிலெல்லாம் வினோஜனுக்கு இதே பதில்தான். அவன் விற்கப் பார்த்தது, கணக்கு வழக்கைப் பதிந்து வைக்க அவனே எழுதிய சின்ன டேட்டாபேஸ். நெட் வேண்டாம், சிக்னல் வேண்டாம். ஒரு தடவை பதிந்துவிட்டால் யாராலும் அழிக்க முடியாது. அதைத்தான் பெருமையாகச் சொல்லித் தொலைத்தான். வரி ஆபீசுக்குப் பயப்படுகிற கடைக்காரன் அதை வாங்குவானா?

இந்த மாதம் ஒருத்தராவது வாங்காவிட்டால் கொழும்பில் மாமாவின் போன் கடைக்குப் போய்விட வேண்டும் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் கலியாணத் தரகர் கந்தப்பன் வந்தார். கொத்மலையிலிருந்து கினிகத்தேனை வரைக்கும் கலியாணம் என்றால் அவர்தான்.

“தம்பி, ஜாதகமெல்லாம் இதுல ஏத்தலாமா?”

“தாராளமாண்ணே! மாப்பிள்ளை, பொண்ணு, நட்சத்திரம், எல்லாம் நிக்கும்.”

வினோஜனுக்குத் தலைகால் புரியவில்லை. அடடா, தரகர்மார்! இது ஏன் இத்தனை நாளாத் தோணல?

“ஒரு பட்டன் மட்டும் வேணும். பொண்ணு பாத்துட்டு வேணாம்னு போனவங்க விவரம் மொத்தமும் அழிஞ்சிடணும்.”

வினோஜன் முகம் சுண்டிப்போனது. நெனச்சேன், ஊரை ஏமாத்துற ஆளு!

“பித்தலாட்டத்துக்கெல்லாம் நான் ஆளு இல்லண்ணே.”

“கோவிச்சுக்காதீங்க. மாப்பிள்ளை வீட்ல, ‘இந்தப் பொண்ண இதுக்கு முன்னாடி எத்தனை பேரு பாத்தாங்க’ன்னு கேக்குறாங்க. தரகு பாத்தாலும் எனக்குப் பொய் வராது தம்பி. உள்ளதைச் சொன்னா, ‘அப்ப ஏதோ கோளாறு இருக்கு’ன்னு எந்திரிச்சிடுறாங்க. தங்கமான புள்ளைங்க, பாவம், அழுவுதுங்க. விவரமே இல்லாட்டி, ‘பாருங்க, கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்ல’ன்னு காட்டிடுவேன்ல?”

வினோஜனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“இன்னைக்கே பட்டன் வெச்சுத் தர்றேண்ணே! ஆமா, அப்படிக் கேக்க வெக்கமா இல்ல? எந்தக் காட்டுமிராண்டிக் குடும்பம்ணே அது?”

கந்தப்பன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“கடைசியாக் கேட்டது உங்க அம்மாதான் தம்பி. நேத்து, உங்களுக்குப் பாக்குற அந்த நானுஓயாப் பொண்ணைப் பத்திப் பேசுறப்ப. ‘இதை மட்டும் மறக்காமக் கேளுங்கன்னு என் மகன்தான் சொல்லிவிட்டான்’னாங்க.”