சறுக்குமரத்தில் கேட்ட குரல்

நஸ்ரின் பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் ஏறப் போனாள். உம்மா அவள் தலையில் காந்தத்தால் ஒட்டியிருந்த காதுக் கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அது இல்லாவிட்டால் நஸ்ரினுக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

கருவிக்குக் கோபம் வந்தது. “எங்களை ஏன் பிரிக்கிறாய்?” என்று சறுக்குமரத்தைக் கேட்டது.

“பிள்ளைகள் உரசி உரசி என் உடம்பெல்லாம் மின்சாரம். அது உன்மேல் பாய்ந்தால், அவள் காதுக்கு ஏற்ப டாக்டர் உனக்குள் பதிந்து வைத்ததெல்லாம் அழிந்தாலும் அழிந்துவிடும்.”

“நான் இல்லாமல் அவள் பயந்துபோவாள்.”

“பேசாமல் பார்.”

உம்மா அன்று கருவியை அணைக்க மறந்திருந்தாள்; அதன் காது திறந்தே இருந்தது.

நஸ்ரின் சறுக்கினாள். “ஊஊஊய்!”

வேப்பமரத்துக் காக்கைகளெல்லாம் எழும்பிப் பறந்தன.

“யாருடைய குரல் இது?” என்றது கருவி.

“உன் நஸ்ரினுடையதுதான்.”

“இருக்காது. தன் குரல் தனக்கே கேட்டால் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்கிறவள் அவள்!”

“இப்போதுதான் அவளுக்குக் கேட்கவில்லையே” என்றது சறுக்குமரம்.

நஸ்ரின் மூச்சிரைக்க ஓடிவந்தாள். உம்மா கருவியை அவள் தலைக்குக் கொண்டுபோனாள்.

“உம்மா, இன்னும் ஒரே ஒரு தடவை!”

‘விடேன் உம்மா’ என்று கருவியும் அந்தக் கைக்குள் இருந்தபடியே கெஞ்சியது.