நாற்பது புகை

"எண்ணிப் பாத்துட்டேன் அண்ணே. இன்னிக்கும் நாப்பது புகை."

பாறையிலிருந்து இறங்கி வந்த தொண்டுப் சொன்னான். அண்ணன் ரப்கியே நிமிர்ந்து பார்த்தான். எதிரே கோட்டைக்கு மேல் புகை கோடு கோடாக எழுந்து வானத்தில் கரைந்துகொண்டிருந்தது.

கோடையில் திபெத்துக்குள் படையெடுத்து வந்த டோக்ரா இந்துச் சிப்பாய்களில் மிஞ்சியவர்கள் அந்தக் கோட்டைக்குள் இருந்தார்கள். அவர்கள் தளபதி போரில் செத்து, பனியும் விழுந்துவிட்டது. இன்னும் சரணடையவில்லை. சுவர் ஓட்டைகளில் துப்பாக்கிக் குழல்கள் நீட்டியபடியே இருந்தன. வெளியே முற்றுகையிட்டிருந்த திபெத்தியப் படைக்கு ரப்கியே தலைவன்.

"பானைக்குப் பத்துப் பேர்னா நானூறு பேரு" என்றான் ரப்கியே. இவர்கள் பாசறையில் பத்துப் பேருக்கு ஒரு கூடாரம், ஒரு பானை. "நாம அதுல பாதிகூட இல்லடா."

"இன்னிக்கு ஏறச் சொல்லியிருக்காங்களே?"

"பேசிப் பாரு, படியலேன்னா ஏறுன்னு உத்தரவு. மொத ஏணி யாருதுன்னு தெரியும்ல?"

"என்னுதுதான்" என்று தொண்டுப் சிரித்தான். "நான் செத்தா என் கழுதைய நீயே வெச்சுக்க. ரெண்டு பேருக்கும் ஒரே குணம்."

ரப்கியேவுக்குச் சிரிப்பு வரவில்லை. இருப்பது ஒரே தம்பி. கம்பில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு சுவரடிக்குப் போனான். தொண்டுப்பும் பின்னாலேயே வந்தான்.

மேலே ஒரு நரைத்த தாடி எட்டிப் பார்த்தது. ஹவில்தார் தேவிதித்தா. லடாக்கில் பல வருஷம் இருந்தவன். இவர்கள் பேச்சு அவனுக்கு வரும்.

"என்னய்யா, உன் வெண்ணெய்த் தேநீர் குடிக்கக் கூப்பிடறியா?"

"துப்பாக்கியக் கீழ வெச்சுட்டு ஊரு பாத்துப் போங்க. கணவாய் தாண்டற வரைக்கும் ஒருத்தனும் தொடமாட்டான். வழிக்கு வாற்கோதுமை தர்றோம்."

"சத்தியமா?"

"புத்தர் மேல சத்தியம்."

நரைத்த தாடி உள்ளே மறைந்தது. பிறகு கதவு திறந்தது.

ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். காலில் கந்தல் சுற்றியிருந்தது; துப்பாக்கிகள் போர்வைக்குள் இருந்தன. சிலருக்கு விரல்களே இல்லை. சீக்கிரமே வரிசை முடிந்துவிட்டது.

"மத்தவங்களையும் வரச் சொல்லுங்க" என்றான் ரப்கியே.

"எல்லாரும் வந்தாச்சே."

"நாப்பது அடுப்பு எரிஞ்சுதே!"

"ஆளுக்கொரு அடுப்பு. ஒருத்தன் அடுப்புல வெந்ததை இன்னொருத்தன் தொடமாட்டோம். எங்க வழக்கம் அது."

"சாகக் கெடக்கும்போதுமா?"

"அப்பதான்யா வழக்கம் வேணும்."

"அண்ணே, ஏமாந்துட்டோம்" என்று தொண்டுப் காதில் கிசுகிசுத்தான். "இப்பவே முடிச்சிடலாமா?"

"சத்தியம் பண்ணியிருக்கேன். வாய மூடு."

ரப்கியே தொப்பியைக் கழற்றினான். தங்கள் ஊரில் பெரியவர்களைக் கண்டால் செய்வதுபோல் நாக்கை நீட்டித் தலை குனிந்தான். அதைப் பார்த்து தொண்டுப்பும் குனிந்தான். ஆனாலும் திறந்த கதவு வழியே உள்ளே பார்த்தபின் அவனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உள்ள ஒரு சுள்ளிகூட கெடையாதே. இத்தனை அடுப்புக்கு எதைய்யா எரிச்சீங்க?"

தேவிதித்தா போர்வைக்குள்ளிருந்து தன் துப்பாக்கியை எடுத்துக் கீழே வைத்தான். அவனுக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள்.

எல்லாமே வெறும் இரும்புக் குழல்கள். ஒன்றில்கூட மரப்பிடி இல்லை.