லீவு டீச்சர்

போன் இன்னும் அடிக்கவில்லை.

சமையலறை மேஜையில் அதை வைத்துவிட்டு, லீவு டீச்சர் எதிரே உட்கார்ந்திருந்தாள். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் அவள் முதுகுக்குப் பின்னால் வழங்கும் பெயர் அது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட லீவு போட்டவள் இல்லை. ஆனால் மற்றவர்கள் லீவு போட வேண்டுமென்றால் காலையில் அவளைத்தான் கூப்பிட வேண்டும். யார் வகுப்புக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்கிற உதவித் தலைமையாசிரியை அவள்.

மெசேஜ் செல்லாது. வாயால் சொல்ல வேண்டும், காரணத்தோடு. அது அவள் போட்ட சட்டம். ரொம்பக் கறார் என்று பேசிக்கொண்டார்கள்.

கறாரும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் அவளும் நாலு சுவரும்தான். மகள் கூப்பிடுவது ஞாயிற்றுக்கிழமைகளில், அதுவும் பேரனைக் குளிப்பாட்டிக்கொண்டே. மற்ற நாட்களில் விடிந்ததும் அவளோடு யாராவது பேச வேண்டுமென்றால், யாருக்காவது காய்ச்சல் வர வேண்டியிருந்தது.

வந்தது. காய்ச்சல் இல்லாவிட்டால் வேறு ஏதாவது வந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சரின் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஒன்றாம் வகுப்பு டீச்சரின் பிள்ளை பல் முளைக்கிற வேதனையில் ராத்திரி முழுக்க யாரையும் தூங்கவிடவில்லை. டிராயிங் மாஸ்டர் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் இருமிக் காட்டுவார். பொய் இருமல் என்று தெரிந்தும், மாத்திரை போட்டீர்களா, டாக்டரிடம் காட்டினீர்களா என்று அவள் விடாமல் விசாரிப்பாள். பாவம், அவரும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

புதிதாக வந்த தலைமையாசிரியர் நல்ல மனுஷன். அதுதான் வம்பாகப் போயிற்று. காலங்கார்த்தாலே டீச்சரைப் போய் ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று, போனில் எல்லாருக்குமாக ஒரு குரூப் ஆரம்பித்துவிட்டார். லீவு என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டாம். மீட்டிங்கில் எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

இன்றைக்குத்தான் அதற்கு முதல் நாள்.

டிங் என்றது. ஒன்றாம் வகுப்பு டீச்சர். லீவு.

பிள்ளைக்கு மறுபடியும் பல்லா, வயிறா, இல்லை வேறு ஏதாவதா? கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று கை பரபரத்தது. கேட்டால், சந்தேகப்பட்டுக் கேட்கிறாள் என்பார்கள். கையைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த டிங் டிராயிங் மாஸ்டர். அதே ஒற்றை வார்த்தை. அந்தப் பொய் இருமலைக்கூட இனிமேல் கேட்க முடியாது.

வேலை என்னவோ நடக்கத்தான் செய்தது. ஒன்றாம் வகுப்பைத் தன்னுடைய இரண்டாம் வகுப்போடு சேர்த்துக்கொண்டாள். ஒன்றாம் வகுப்பில் அழுகைக் கோஷ்டி ஒன்று உண்டு. ஜன்னல் வழியே கேட் தெரிந்தால் அம்மா ஞாபகம் வந்துவிடும், அதனால் அவர்களை உள்பக்கம் உட்கார வைக்க வேண்டும். டிராயிங் பீரியடில் நாலாம் வகுப்பை மைதானத்தில் விட்டால், பக்கத்திலேயே பாடம் நடக்கும் ஐந்தாம் வகுப்பின் காதே போய்விடும். நூலகத்துக்கு அனுப்பினாள். மத்தியானம் குழாயடியில் தள்ளுமுள்ளு வராமல் பார்த்துக்கொள்ள மூன்றாம் வகுப்பு டீச்சரைப் போட்டாள்.

எல்லாவற்றையும் குரூப்பில் எழுதினாள். கட்டைவிரல் படங்கள் வந்து விழுந்தன.

அவ்வளவுதான், காலை முடிந்துவிட்டது. ஒரு குரல்கூடக் கேட்கவில்லை. அடுத்த வீட்டில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது மட்டும் கேட்டது.

அவள் மறுபடியும் போனை எடுத்தாள்.

கை தவறிச் செய்தாள் என்று சொல்ல முடியாது. யோசித்துத்தான் செய்தாள். உடம்பு கிண்ணென்று இருந்தது. புடவை கட்டி, தலை வாரி, பையில் டப்பாவும் வைத்தாகிவிட்டது. அப்படியே உட்கார்ந்துகொண்டு, எனக்கும் இன்று லீவு என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

லீவே போடாதவள் போட்டிருக்கிறாள். யாராவது ஒருத்தர் பதறிப்போய்க் கூப்பிட மாட்டார்களா? என்னாச்சு டீச்சர் என்று ஒரு வார்த்தை. அவளுக்கு அது போதும்.

ஒரு கட்டைவிரல் வந்தது. இன்னொன்று. பிறகு மளமளவென்று எல்லாரும். டிராயிங் மாஸ்டர் ஒரு ரோஜாப்பூ போட்டிருந்தார்.

போனைக் கவிழ்த்து வைத்தாள். பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

அப்போது போன் அடித்தது.

தலைமையாசிரியர். அடித்தவுடனே எடுத்தால் காத்திருந்த மாதிரி ஆகிவிடும் என்று கொஞ்சம் அடிக்கவிட்டு எடுத்தாள்.

"டீச்சர், ஒண்ணாங்கிளாஸை உங்க கிளாஸோட சேர்த்து வச்சிருக்கீங்க. நீங்களும் வரலைன்னா அந்த ரெண்டு கிளாஸுக்கும் யாரைப் போடறது?"

"பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல சார். லேசா காய்ச்சல். ராத்திரி கொஞ்சம் கஷ்டப்படுத்திடுச்சு, இப்ப விட்டாச்சு. இதோ கிளம்பிட்டேன்."

மறுபக்கம் அப்பாடா என்று ஒரு மூச்சு, நல்லதாப் போச்சு என்று ஒரு வார்த்தை, லைன் கட்டாகிவிட்டது.

டப்பாவைத் திரும்பப் பையில் வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்த பிறகுதான், உடம்புக்கு என்ன என்று அவர் கேட்கவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.