சுவருக்குப் பட்ட கண்

ஒரு வீட்டின் அஸ்திவாரத்துக்குத் தன் தலைமேல் நிற்கும் சுவரை நினைத்தாலே வயிறு எரியும். பொங்கலுக்குப் பொங்கல் பெயின்ட்டும் தோரணமும் சுவருக்குத்தான். ‘தாங்குறது நான், மினுக்குறது அவளா?’ என்று உள்ளுக்குள் பொருமும்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் வீட்டுக்காரி கோமளம் ஆள் வைத்து, சுவரோரம் மண் கொட்டி, தண்ணீர் தெருப்பக்கம் ஓடுகிற மாதிரி சரிவு எடுத்துவிட்டாள்.

மழை பிடித்ததும் அஸ்திவாரம் அந்த மண்ணிடம் கெஞ்சியது. “தங்கச்சி, கொஞ்சம் என் பக்கமா சரிஞ்சுக்கோ. தண்ணி இங்கேயே நிக்கட்டும். எனக்கு ஒண்ணு ஆனாத்தான் இவங்க என்னைப் பாப்பாங்க.”

“நீதானேக்கா கஷ்டப்படுவே?”

“பட்டுட்டுப் போறேன்.”

மண்ணுக்கு இளகின மனசு. சரிந்து கொடுத்தது. தண்ணீர் தேங்கி அடியில் இறங்க, அஸ்திவாரம் ஒரு பக்கமாக அமிழ்ந்தது. மேலே சுவரில் விரிசல் விட்டது.

கோமளம் பதறி ஓடிவந்தாள். சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள். “எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ!” என்று புலம்பினாள். விரிசலைப் பூசிப் புதுசாகப் பெயின்ட் அடித்தாள். திருஷ்டிப் பூசணிக்காய் ஒன்றும் கட்டினாள். அதுவும் சுவருக்குத்தான்.

கீழே கழுத்தளவு சேற்றில் கிடந்த அஸ்திவாரம் மண்ணிடம் கேட்டது:

“இந்தத் தடவை அவளுக்கு என்ன கலர்?”